கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்த சேசம்மாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் தாராவி மாதர் சங்கத்துக்குப் பதினோரு வருஷமாக நான்தான் காரியதரிசி. வாய் நீளமில்லாத ஒருத்தியை அந்த நாற்காலியில் உட்கார வைத்துப் பாருங்கள், ஒரு மாசம் தாங்க மாட்டாள். என் வீட்டுக்காரர் ஞானசேகரன் இதை வேறு மாதிரிச் சொல்வார். அவர் கிடக்கிறார். இது என் கதை இல்லை, சேசம்மாள் அக்காவின் கதை.

சேசம்மாள் அக்கா எங்கள் சந்தில் நாலு வீடு தள்ளி இருக்கிறாள். ஐம்பத்தெட்டு வயசு. பிள்ளை குளிப்பாட்டுவதுதான் தொழில். பிரசவம் ஆன வீட்டுக்கு நாற்பது நாள் தினமும் காலையில் போவாள். பச்சைக் குழந்தையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, கைகால் உருவி, மூக்கு நீவி, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டித் தூங்க வைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். குழந்தையோடு பேசிக்கொண்டேதான் எல்லாம் நடக்கும். "ஏலே, பத்து நாள் முந்தி வந்து பொறந்துட்டு, தண்ணி ஊத்தினா அழுகை வேறயா? ஒன்ன யாரு அவசரப்படச் சொன்னா?" என்று அவள் அதட்டினால் பெற்றவளுக்கே சிரிப்பு வந்துவிடும்.

முலுண்டில் ஒரு வீடு, செம்பூரில் ஒரு வீடு, குர்லாவில் ஒரு வீடு என்று முப்பத்தேழு வருஷம் பஸ்ஸில் போய் வந்தவள். ஒரு தடவை மாட்டுங்கா மார்க்கெட்டில் நானும் அவளும் வாழைப்பூ வாங்கிக்கொண்டிருந்தோம். மீசை வைத்த தடியன் ஒருவன் திடுதிப்பென்று அவள் காலைத் தொட்டான். "மாவ்ஷி, நான் உங்க கையில குளிச்சவன்" என்றான், மராத்தியில் சித்தி என்கிற மாதிரி. இவள் அவன் தாடையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "மொகம் ஞாபகம் இல்ல ராசா. ஆனா மூக்கு நான் நீவினதுதான்" என்றாள். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறந்தது உடன்குடிப் பக்கம். பத்தொன்பது வயசில் பிச்சையா அண்ணனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். அவர் தோல் பட்டறையில் பை தைப்பவர், ஒரு நாளைக்கு மொத்தமாகப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். இவர்களுக்கு ஒரே பையன், ஸ்டெர்லின்.

கோயிலில் ஞாயிறு ஆராதனைக்கு அவள் என் பக்கத்தில்தான் உட்காருவாள். பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு வரி பிசகாமல் பாடுவாள். எனக்கு வரி மறந்துபோனால் அவள் வாயைப் பார்த்துத்தான் சமாளிப்பேன். ஆனால் ஒன்று, அறிவிப்பு வாசி, பாடம் வாசி என்று யாராவது சொன்னால் போதும், "ஐயையோ, கண்ணாடிய வீட்டுல வச்சிட்டனே" என்பாள். கண்ணாடி அவள் நெற்றியிலேயே இருக்கும். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். மறதிக்காரி என்று பேர் வைத்திருந்தோம். இப்படியே இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது.

இந்த வருஷம் ஜூலையில் ஸ்டெர்லினுக்குக் கல்யாணம். பெண் லிசா, முலுண்டுக்காரி, வங்கியில் வேலை. பெண் வீட்டார் பேச வந்தபோது முறுக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு நானும் அங்கே நின்றேன். லிசாவின் அம்மா டீச்சர். டீச்சர் இல்லையா, கேட்காமல் இருப்பார்களா? "நீங்க எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்று சேசம்மாள் அக்காவிடம் கேட்டார்கள். இவள் கண் இமைக்காமல், "எட்டாவது. கான்வென்ட்டு" என்றாள். அந்த அம்மாவுக்குத் திருப்தி. நானும் முறுக்கைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

வருஷா வருஷம் செப்டம்பர் கடைசியில் எங்கள் சங்கம் எங்கேயாவது ஒரு நாள் போய் வரும். எப்போதும் கடற்கரைதான். இந்தத் தடவை ஞானசேகரன் எங்கேயோ விசாரித்து ஓர் இடம் கண்டுபிடித்துக் கொடுத்தார். கர்ஜத் தாண்டி மலைமேல் ஒரு பூங்கா. அதற்குள் நூறு வருஷத்துக்கு முந்தைய ஓர் ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். மலைக் கிராமத்துப் பிள்ளைகள் படித்த இடம். அதை இடிக்காமல் பழையபடியே செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். போகிறவர்களை அந்தக் காலத்துப் பிள்ளைகள் மாதிரி உட்கார வைத்து ஒரு மணி நேரம் வகுப்பு நடத்துவார்களாம். பேர் கூப்பிடுவார்களாம், எழுந்து வாசிக்கச் சொல்வார்களாம்.

"பள்ளிக்கூடம் பாக்கதுக்கு மலை ஏறணுமாக்கும்? தாராவியில இல்லாத பள்ளிக்கூடமா?" என்று கூட்டத்தில் ஒரே இரைச்சல். நான் மேஜையைத் தட்டி, "அருவியும் உண்டு" என்றேன். தீர்மானம் நிறைவேறியது.

மறுநாளே செய்தி வந்தது, சேசம்மாள் அக்கா வரவில்லையாம். முட்டு வலியாம். ஊர் சுற்றுவதென்றால் முதல் ஆளாகப் பையைத் தூக்குகிறவள் அவள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே அவள் வீட்டுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் பிச்சையா அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"யக்கா, முட்டு வலியா? நேத்து சயான்ல பஸ்ஸ வெரட்டிப் போயி ஏறினியே, அப்ப எங்க போச்சு அந்த முட்டு?"

அவள் கதவைச் சாத்தினாள். என்னை உட்கார வைத்தாள். முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

"கிளாரா, ஒனக்கு மட்டும் சொல்லுதேன். நீ வாயத் தொறந்தேன்னா நான் செத்தேன்."

"சொல்லு."

"எனக்கு எழுத்து தெரியாதுட்டி."

"எந்த எழுத்து?"

"ஒரு எழுத்தும் தெரியாது. பள்ளிக்கூட வாசல்ல கூட நான் நின்னது கெடையாது. எனக்குக் கீழ அஞ்சு பேரு. தூக்கி வளக்க ஆளு வேண்டாமா? பாட்டெல்லாம் காதால கேட்டுப் படிச்சது. புத்தகம் சும்மா கையில இருக்கும்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இருபத்திரண்டு வருஷம் என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், என்னிடமே சொல்லவில்லையே! அப்புறம் வெட்கமாகப் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் எங்கே போயிருந்தது? நானும்தானே மறதிக்காரி என்று சிரித்தேன்?

"லிசாவுக்குத் தெரியுமா?"

"அதாம்ட்டி வெவகாரமே!" சுருட்டிய முந்தானையை உதறினாள். "அந்தப் பிள்ளைக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், எழுத்து தெரியாது. கோடு போட்ட நோட்டு ஒண்ணு வாங்கி வச்சிக்கிட்டு தெனமும் சாயங்காலம், 'அத்தை, எனக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தாங்க'ன்னு வந்து நிக்கா. நான் அடுப்புல ஏதோ தீயுதுன்னு எந்திரிச்சு ஓடுதேன். ரெண்டு மாசமா எங்க வீட்டு அடுப்புல தீஞ்சுக்கிட்டே கெடக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அடிப்பாள் என்று அடக்கிக்கொண்டேன்.

"அவளும் அங்க வாராளாம். லீவு போட்டுட்டா. எல்லாத்துக்கும் முன்னால என்னைய வாசிக்கச் சொன்னா? எட்டாவதுன்னு அவ அம்மட்ட சொன்னவ நானு. பொய்க்காரின்னு தெரிஞ்சா பெறகு அந்தப் பிள்ளை மொகத்துல எப்பிடி முழிப்பேன், சொல்லு?"

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நான் இருக்கேன்லா. ஒன் பக்கத்துலயே உக்காருதேன். ஒன்ன வாசிக்கச் சொன்னா, தொண்டை கட்டிருக்குன்னு நான் எந்திரிச்சுச் சொல்லிருதேன்."

"கண்ணாடின்னு சொன்னா ஆகாதா?"

"கண்ணாடி பழசாப் போச்சுக்கா. இது புதுசு."

ஒரு வழியாக வரச் சம்மதித்தாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு முப்பத்திரண்டு பெண்களும் மெயின் ரோட்டில் நின்றோம். கூடவே ஞானசேகரன், இட்லிப் பொட்டலங்களுக்குக் காவலாக. வாடகை பஸ் வரவில்லை. அந்த நேரத்துக்கு ஏழெட்டு வண்டி போகிறது, எது நம்முடையது என்று யாருக்குத் தெரியும்? ஞானசேகரன் கைபேசியில் வண்டி நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார். சேசம்மாள் அக்கா தூரத்தில் வரும்போதே, "அந்தா வருது பாரு நம்ம வண்டி" என்று கையைக் காட்டினாள். சரியாகத்தான் இருந்தது. முன்கண்ணாடியில் டிரைவர் ஏதோ காகிதம் ஒட்டியிருந்தான். அவளுக்கு நல்ல கண் என்று நினைத்துக்கொண்டேன்.

வழியெல்லாம் பாட்டும் கும்மாளமும்தான். லிசா பின் சீட்டில் இளம்பெண்களோடு இந்திப் பாட்டு. நாங்கள் முன்னால் கீர்த்தனை. இரண்டும் மோதிக்கொண்டதில் டிரைவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டான். பன்வேல் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் சேசம்மாள் அக்கா சட்டென்று எழுந்து, "ஏ, நிறுத்தச் சொல்லு, திரும்புத எடத்த விட்டுட்டான்" என்றாள். ஞானசேகரன் கைபேசியில் வரைபடத்தைப் பார்த்து, "நேராத்தான் போகணும்" என்று பிடிவாதம் பிடித்தார். கடைசியில் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டுதான் வந்தோம். அவள் சொன்னதுதான் வழி.

எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. நான் தொண்டைக் கட்டு யோசனையிலேயே இருந்தேன்.

மழை விட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. மலை முழுக்கப் பச்சை. பாறைக்குப் பாறை தண்ணீர் வழிகிறது. பஸ் அடிவாரத்தோடு நின்றுவிட்டது, மேலே ஒரு மைல் நடை. செருப்பு வழுக்கி விழுந்தவர்கள் நாலு பேர். அதில் நானும் ஒருத்தி, அதை ஏன் கேட்கிறீர்கள். சேசம்மாள் அக்கா மட்டும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் போனாள். முட்டு வலிக்காரி!

மேலே மூடுபனிக்குள்ளிருந்து அந்தப் பள்ளிக்கூடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. கல் சுவர், ஓட்டுக் கூரை, ஒரே அறை. சாணம் மெழுகிய தரையில் நீளநீளமாகப் பலகைகள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிலேட்டு. முன் சுவரிலேயே கறுப்பு அடித்துக் கரும்பலகை ஆக்கியிருந்தார்கள். அதன் பக்கத்தில் ஆணியில் தொங்கும் பழைய பாட அட்டை. வாசலில் மணிக்குப் பதில் ஒரு தண்டவாளத் துண்டு. எங்கள் வீட்டைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்தால் முழுப் பள்ளத்தாக்கும் தெரிந்தது. இரைச்சல் போட்டுக்கொண்டு வந்த எங்கள் கூட்டம் உள்ளே நுழைந்ததும் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டது. பள்ளிக்கூடம் பாருங்கள், பழக்கம்.

வகுப்பு எடுக்கிற பெண்ணின் பேர் தர்ஷனா. முப்பது வயசு இருக்கும். கீழே உள்ள கிராமத்துப் பெண். அவள் அம்மா இந்தப் பலகையில் உட்கார்ந்து படித்தவளாம். ஒன்பது கஜச் சேலையைக் கச்சம் கட்டி, கையில் பிரம்போடு வாசலில் நின்றாள். முன்னால் பெரிய பதிவேடு. அங்கே ஒரு வழக்கம் இருக்கிறது, யார் வந்தாலும் பள்ளியில் புதிதாகச் சேர்க்கிற மாதிரி எழுதித்தான் உள்ளே விடுவாள். பேர் என்ன, ஊர் என்ன, இதற்கு முன் எது வரைக்கும் படித்தாய் என்று மராத்தி கலந்த இந்தியில் கேட்பாள்.

"கிளாரா ஞானசேகரன். நாசரேத். பன்னிரண்டாவது பாஸ்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. லிசா பி.காம். என்றதும் தர்ஷனா பிரம்பை ஆட்டி, "இவ்வளவு படித்தவளுக்கு இங்கே என்ன வேலை? கடைசி வரிசைக்குப் போ" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

அடுத்து சேசம்மாள் அக்கா. பேர் சொன்னாள், ஊர் சொன்னாள். "எது வரைக்கும் படித்தீர்கள்?" என்று தர்ஷனா கேட்டதும் அவள் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. பின்னால் லிசா. நான் சும்மா இருப்பேனா? "ஆட்வி! ஆட்வி பாஸ்! கான்வென்ட்!" என்று, எட்டாவது என்பதை எனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினேன். தர்ஷனா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். சேசம்மாள் அக்கா அந்தப் பதிவேட்டைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையில் நான் அவள் கையைப் பிடித்து அமுக்கினேன்.

ஐம்பது தாண்டியவர்கள் எல்லாம் முன் வரிசை, ஒன்றாம் வகுப்பு. தண்டவாளத்தில் டங் டங்கென்று அடித்துவிட்டுத் தர்ஷனா பேர் கூப்பிட்டாள். ஒவ்வொருத்தியும் எழுந்து "ஹஜர்" என்று சொல்ல வேண்டும், வந்திருக்கிறேன் என்று அர்த்தம். என்ன சந்தோஷம் என்கிறீர்கள்! நல்ல சிலேட்டு யாருக்கு என்று இரண்டு பேருக்கு அடிதடியே நடந்தது. சேசம்மாள் அக்கா போட்ட "ஹஜர்" சத்தத்தில் கூரைமேல் இருந்த குரங்குகள் எழுந்து ஓடின. பயத்தையெல்லாம் மறந்து அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் தர்ஷனா பிரம்பை நேரே அவள் பக்கம் நீட்டினாள்.

"சேசம்மாள், எழுந்திரு. இந்த அட்டையை வாசி."

நான் துள்ளி எழுந்தேன். "டீச்சர், அவிய கலா கராப்! தொண்டை கட்டிப் போச்சு!"

இப்போதுதான் குரங்கை விரட்டிய தொண்டை! வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. தர்ஷனா நீட்டிய பிரம்பை இறக்கவில்லை. சேசம்மாள் அக்கா மெதுவாக எழுந்தாள். திரும்பிக் கடைசி வரிசையில் லிசாவைப் பார்த்தாள். அப்புறம் அட்டையைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ண ஆரம்பித்தேன்.

"இதா? இது பஸ் போர்டு எழுத்துல்லா" என்று அவள் குரல் கேட்டது.

அப்புறம் வாசிக்கத் தொடங்கினாள். மராத்தியில். தடங்கல் இல்லாமல், கண்டக்டர் ஸ்டாப் பேர் சொல்கிற மாதிரி ஒரே இழுப்பில். மழை வந்தது. ஓடை நிறைந்தது. பாரூவின் ஆடு அந்தக் கரையில் நின்றுவிட்டது. பாரூ, இப்போது நீ என்ன செய்வாய்?

வாசித்து முடித்துவிட்டு முன்னால் போய் அட்டையைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. "அந்த ஆடு என்னாச்சு?" என்று தர்ஷனாவிடம் கேட்டாள். அடுத்த அட்டை எப்போதோ கரையான் அரித்துப் போய்விட்டதாம். "நல்லாருக்கே, ஆட்டப் பாதியில விட்டுட்டாவளே" என்று இவளுக்கு ஒரே வருத்தம்.

இடத்துக்குத் திரும்பியவளின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "யக்கா! நீ வாசிக்கே!"

"இது எங்கட்டி வாசிப்பு? இது பஸ்ஸுல போட்டுருக்க எழுத்து. இது யாருக்குத் தெரியாது?"

"எனக்குத் தெரியாதுக்கா."

சோறு பொங்கத் தெரியாது என்று நான் சொன்ன மாதிரி அவள் என்னைப் பார்த்தாள்.

எப்படித் தெரிந்துகொண்டாள் என்பதைப் பிற்பாடு சொன்னாள். தாராவிக்கு வந்த புதிதில் முலுண்டுக்குப் போக வேண்டியவள் வண்டி மாறி டிராம்பேயில் போய் இறங்கிவிட்டாள். அங்கே குளிக்காமல் ஒரு பச்சைப் பிள்ளை அழுகிறது, இங்கே இவள் ரோட்டோரத்தில் நின்று அழுகிறாள். அன்றைக்கே வைராக்கியம் வந்துவிட்டது. பஸ்ஸின் முன்னால் இருக்கிற பேரைக் கோலத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துப் பார்த்து மனசில் பதிய வைத்தாள். முலுண்டுக்கு வருகிற முதல் எழுத்துத்தான் மும்பைக்கும் வருகிறது என்று ஒரு நாள் கண்டுபிடித்தாள். அவ்வளவுதான், நூல் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் கடைப் பலகை, ரேஷன் அட்டை, பிள்ளைக்குக் கீழே எண்ணெய் சிந்தாமல் விரிக்கிற செய்தித்தாள். மராத்திப் பேச்சு அந்தந்த வீட்டிலேயே வந்துவிட்டது. இத்தனை வருஷமாகப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவள், எழுத்துத் தெரியாதவள் என்று கூனிக் குறுகிக் கிடந்திருக்கிறாள்.

எங்கள் ஆட்களின் கிறுக்குத்தனம் இது. எங்களுக்குப் படிப்பு என்றால் தமிழ், அதுவும் கோயில் பாட்டுப் புத்தகம். மற்றதெல்லாம் ஊரில் போக்குவரத்துக்கு. அந்தப் புத்தகத்தை வாசிக்கத் தெரியாவிட்டால் அவள் படிக்காதவள், தீர்ந்தது. இந்தச் சட்டத்தைக் கட்டிக் காத்ததில் காரியதரிசிக்கும் பங்கு உண்டு.

கடைசி வரிசையில் லிசா கை தட்டிக்கொண்டு எழுந்தாள். "அரே வா, அத்தை! நீங்க மராத்தி மீடியமா? கான்வென்ட்டுன்னு அம்மா சொன்னாங்களே!"

எவ்வளவு சுலபமான வழி, பாருங்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பொய் உண்மையாகிவிடும். "ஆமான்னு சொல்லுக்கா" என்று நான் அவள் காலைக் கிள்ளினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். பலகைகளைத் தாண்டி நேராக வாசலுக்குப் போய், பதிவேட்டைத் திருப்பித் தன் பேர் இருந்த வரியில் விரலை வைத்தாள்.

"சேசம்மாள் பிச்சையா. தாராவி. எட்டாவது பாஸ்" என்று சத்தமாக வாசித்தாள். அப்புறம் தர்ஷனாவிடம் மராத்தியில், "இது தப்பு, அடித்துவிடுங்கள்" என்றாள்.

"யக்கா, சும்மா கெட" என்றேன்.

"நீ சும்மா கெட. வாயால சொன்னது காத்தோட போயிரும்னு இருந்தேன். இது எழுதிக் கெடக்கு. நானே வாசிச்சிட்டேன். வாசிச்ச பொறவு எப்பிடிட்டி விட்டுட்டுப் போவேன்?"

அப்புறம் லிசாவைப் பார்த்துத் திரும்பினாள். "மக்கா, நான் ஒரு நாளும் பள்ளிக்கூடம் போனது கெடையாது. எட்டாவதுன்னு ஒங்க அம்மட்ட சொன்னது பொய். தமிழ் எனக்கு ஒரு எழுத்து தெரியாது. அதான் நீ நோட்டத் தூக்கிட்டு வரும்போதெல்லாம் எந்திரிச்சு ஓடினேன். எனக்கு வெக்கமாருந்துச்சு."

லிசா அப்படியே நின்றாள். அவள் உதடு கோணியது. போச்சு, குடும்பம் போச்சு என்று நினைத்தேன்.

"அவ்வளவுதானா அத்தை?" என்றாள். "நான் வந்து உக்காந்தாலே எந்திரிச்சுப் போறீங்க. என்னை உங்களுக்குப் பிடிக்கலன்னு நினைச்சேன். போன வாரம் அம்மாட்ட போன்ல சொல்லி எவ்வளவு அழுதேன் தெரியுமா?" சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஓவென்று அழுதுவிட்டாள். சேசம்மாள் அக்கா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "ஒன்னப் பிடிக்காமலாட்டி? ஏ கோட்டிப் பிள்ள!" என்று அவள் முதுகைத் தடவிய வேகத்தைப் பார்த்தால், தூக்கிக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துவிடுவாள் போலிருந்தது. முப்பது பெண்களும் அழுதுகொண்டே சிரித்தோம். எனக்கு மூக்கு ஒழுகியது. வெட்கப்பட என்ன இருக்கிறது.

தர்ஷனாவுக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள். "அப்படியென்றால் எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டாள். "பஸ் ஸ்டாப்புல" என்றாள் சேசம்மாள் அக்கா, மூக்கைச் சிந்திக்கொண்டே. தர்ஷனா சிரிக்காமல் அதை அப்படியே எழுதினாள். எழுதியது சரியாக இருக்கிறதா என்று இவள் குனிந்து சரிபார்த்துவிட்டுத்தான் இடத்துக்கு வந்தாள்.

தர்ஷனா பிரம்பால் மேஜையைத் தட்டினாள். வகுப்பு இன்னும் முடியவில்லையாம். சாக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் மூன்றே மூன்று எழுத்து எழுதினாள். பிரம்பு சுற்றி வந்து என் நெஞ்சுக்கு நேரே நின்றது.

"பன்னிரண்டாவது பாஸ், எழுந்து வா. இது என்ன, வாசி."

நான் போய் நின்றேன். இந்த ஊருக்கு வந்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. ரயிலில் இங்கிலீஷ் இருந்தது, ஆபீஸில் இங்கிலீஷ் இருந்தது, பஸ் வந்தால் எது என்று சொல்ல சேசம்மாள் அக்கா இருந்தாள். அந்த மூன்று எழுத்தும் என் கண்ணுக்குக் கொடியில் தொங்கும் துணி மாதிரி இருந்தன. பின்னால் முப்பத்தொரு பெண்கள், எல்லோருக்கும் நான் காரியதரிசி. என் கண்ணாடி சங்கிலியில் கோத்து என் கழுத்திலேயே தொங்கியது. என் நீள வாய் திறந்தது.

"கண்ணாடிய வீட்டுல வச்சிட்டேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. காது இரண்டும் சுட்டது. ஒருத்தியும் சிரிக்கவில்லை.

சேசம்மாள் அக்கா எழுந்து வந்தாள். என் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து, சேலை நுனியால் துடைத்து, என் மூக்கில் மாட்டிவிட்டாள். என் காதுக்குள் மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினாள். "பயப்படாத. மொத எழுத்து முலுண்டு. ரெண்டாவது, முலுண்டுல ரெண்டாவதா வருதது, கீழ வாலு மட்டும் கெடையாது. கடைசி மாட்டுங்கால கடைசியா வருதது. தலையில ஒரு கொம்பு போட்டுருக்கா பாரு, அம்புட்டுத்தான். இப்பச் சேத்துச் சொல்லு."

"மு... ல... கீ" என்றேன். "முலகீ."

பெண்பிள்ளை என்று அர்த்தம். முப்பத்திரண்டு வருஷமாகக் காதால் கேட்ட வார்த்தை. அதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சபாஷ்ட்டி" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள் சேசம்மாள் அக்கா. "இப்பப் போய் உக்காரு."

வாயை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.